மலையகத்துப் பெண்ணும் மூளைச் சத்திரசிகிச்சையும்: ஓர் அண்ணனின் கேள்விக்கு விரிவான பதில்

இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கமிருந்து எழுதும் நண்பர் கேட்டிருப்பது இதுதான்: தங்கைக்கு இம்முறை மருத்துவ பீடம் கிடைத்திருக்கிறது, மூளைச் சத்திரசிகிச்சை நிபுணராகத்தான் வருவேன் என்று நிற்கிறார், அப்பாவும் அம்மாவும் இன்னும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், "எங்களைப் போன்றவர்களை, அதுவும் ஒரு பெண்ணை, அந்தத் துறையில் மேலே வர விடுவார்களா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விதிகள் தடுக்குமா என்பது ஒன்று. மற்றதை நீங்கள் வெளிப்படையாக எழுதவில்லை. இன்னும் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் குடும்பம் பொறுத்திருக்கலாமா, அல்லது எம்.பி.பி.எஸ். முடிந்ததும் "போதும், வேலையைப் பார்" என்று சொல்லிவிடுவது நல்லதா என்பதுதான் அது. உங்களை உறங்கவிடாமல் செய்வது இரண்டாவது கேள்வி என்று நினைக்கிறேன். அதனால் முதலாவதைச் சுருக்கமாகவும் இரண்டாவதை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது மயக்க மருந்து நிபுணர். நரம்பியல் சத்திரசிகிச்சைக்கூடங்களில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். மற்றச் சத்திரசிகிச்சைகளில் நாங்கள் நோயாளியின் தலைமாட்டில் இருப்போம். மூளைச் சத்திரசிகிச்சையில் தலை அவர்களுக்கு உரியது. நாங்கள் பக்கவாட்டிலோ கால்மாட்டிலோ ஒதுங்கி, மணிக்கணக்கில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். யார் கையில் கருவி கொடுக்கப்படுகிறது, யார் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அங்கிருந்து நன்றாகவே தெரியும். ஆனால் நான் அந்தத் துறையின் சத்திரசிகிச்சையாளன் அல்லன், பெண்ணும் அல்லன். ஆகவே பெண்களைப் பற்றி நான் எழுதுபவை பார்த்ததும் சக வைத்தியர்களிடம் கேட்டதும்தான்.

முதலில் உறுதியானவை. இலங்கையில் மருத்துவ பீட அனுமதி இசட் புள்ளியின் (உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியபடி மாற்றிய மதிப்பெண்) அடிப்படையில் நடக்கிறது: 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் அடக்கம். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நம்மில் பலர் அந்தப் பக்கம் தலைகாட்டியே இருக்க முடியாது. ஆனால் மாவட்டத்தை எடைபோடும் விதி தோட்டத்தை எடைபோடுவதில்லை. நகரத்துப் பாடசாலையில் படித்து, வார இறுதியில் கண்டிக்குத் தனியார் வகுப்புக்குப் போன பிள்ளையும், தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து (மேல் பிரிவிலிருந்து) இறங்கி வந்து பஸ் பிடித்த பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் போட்டியிடுகிறார்கள். தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் ஹட்டன், பதுளை போன்ற நகரங்களைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றிலும் பௌதிகவியலுக்கோ இரசாயனவியலுக்கோ ஆசிரியர் ஓராண்டு இருப்பார், மறு ஆண்டு இடமாற்றத்தில் போய்விடுவார். வெளிமாவட்ட மாணவர்கள் இங்கே பதிந்து பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள் என்ற முறைப்பாடும் நெடுங்காலமாக இருக்கிறது. இவை எல்லாவற்றையும் தாண்டி உங்கள் தங்கை வந்துவிட்டார். அவருடைய திறமையைப் பற்றிய சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்துச் சொல்வதும் உறுதியானதே. மருத்துவ பீடத்துக்குள் நுழைந்த பிறகு, நிபுணராகும் வரை, சாதியையோ இனத்தையோ பாலினத்தையோ காட்டித் தடுக்கும் எழுதப்பட்ட விதி ஒன்றுமில்லை. உள்ளகப் பயிற்சிக்கான வைத்தியசாலையைத் திறமை வரிசைப்படிதான் தெரிவுசெய்கிறார்கள். பட்டப்பின் படிப்புக்கான தெரிவுப் பரீட்சையைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்துகிறது. விடைத்தாளில் சுட்டெண்தான் இருக்கும். இந்த இடங்களில் நான் அநியாயத்தைக் கண்டதில்லை. தடைகள் பரீட்சைகளில் அல்ல, ஒரு பரீட்சைக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலத்தில் இருக்கின்றன. அங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை. நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விடயம் அதுதான். மீதி எழுதுவதெல்லாம் அதன் விளக்கம்.

முதல் இடைவெளி ஆங்கிலம். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை திடீரென்று உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் ஆங்கிலத்தில் படிக்கிறார். கொழும்பு, கண்டிப் பாடசாலைகளில் இருந்து வந்தவர்கள் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கும்போது, இவர் அகராதியோடு இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார். அந்த முதல் ஆண்டுகளில் பின்தங்கினால் பின்னால் பிடித்துவிடலாம். பிடித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் இறுதி வரிசையில் இருபது முப்பது இடம் கீழே போனால் உள்ளகப் பயிற்சி எங்கே, அடுத்த நியமனம் எங்கே என்பதெல்லாம் மாறும். பெரிய வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கும். அங்கே வேலை செய்தவரை நிபுணர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். தூரத்து ஆதார வைத்தியசாலையில் இருப்பவர் படிப்பதற்குப் புத்தகம் மட்டும்தான் துணை.

இரண்டாவது இடைவெளியைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அது வீட்டில் வைத்தியர் இல்லாத குறை. வடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியது 1840களின் இறுதியில். யாழ்ப்பாணக் குடும்பங்கள் பலவற்றில் பெரியப்பா வைத்தியர், மாமி வைத்தியர், அண்ணன் வைத்தியர். நம்மிடம்? 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003-இல்தான் சட்டம் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். ஆகவே எந்தப் பரீட்சைக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த நிபுணரிடம் பயிற்சி பெற்றால் அவர் கடிதம் தருவார், ஆய்வுக் கட்டுரை எழுத யாரோடு சேர்வது என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மற்றப் பிள்ளைக்கு உண்டு, நம் பிள்ளைக்கு இல்லை. ஓராண்டு தாமதமாகத் தெரிந்தால் ஓராண்டு போய்விட்டது. இப்படி மூன்று நான்கு இடங்களில் போனால்?

மூன்றாவது, பணமும் காலமும். எம்.பி.பி.எஸ். ஐந்து ஆண்டுகள். முன்னும் பின்னும் காத்திருப்பு. உள்ளகப் பயிற்சி ஓராண்டு. அதன்பின் அரச சேவை, தெரிவுப் பரீட்சை, பல ஆண்டுப் பயிற்சி, எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ரார் (மூத்த பயிற்சி வைத்தியர்) காலம், வெளிநாட்டுப் பயிற்சி, பிறகு நிபுணர் என்று ஏற்கும் சபைச் சான்றிதழ். இந்தப் பயிற்சியின் விதிகளைச் சொல்லும் கையேடு அவ்வப்போது திருத்தப்படும். உங்கள் தங்கை அந்தக் கட்டத்துக்கு வரும்போது நடைமுறையில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். எப்படித் திருத்தினாலும், நிபுணர் என்ற நியமனம் கையில் வரும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். நாற்பதைத் தொட்டவர்களும் உண்டு. இந்தக் காலம் முழுவதும் சம்பளம் வரும். பட்டினி இல்லை. ஆனால் பரீட்சைக் கட்டணம், கொழும்பில் அறை வாடகை, புத்தகம், மாநாடு, ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது ஓ.ஈ.ரி. ஆங்கிலப் பரீட்சை என்று பணம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மற்றப் பக்கத்தில் வீடு. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபாயானது 2021-இல். 1350 ஆனது 2024-இல். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை வைத்தியர் ஆனதும் லயத்தை (தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பை) விட்டு வெளியே ஒரு வீடு, தம்பியின் படிப்பு, அக்காவின் கல்யாணக் கடன் எல்லாம் அவர் தலையில் விழுவது இயல்பு. யாரையும் குறை சொல்லவில்லை; என் வீட்டிலும் அப்படித்தான். தனியார் கிளினிக்கில் மாலை உட்கார்ந்தால் உடனே பணம் வரும். பட்டப்பின் படிப்பில் உட்கார்ந்தால் மாலை என்பதே இல்லை. நம் பிள்ளைகள் பலர் நின்றுவிடும் இடம் இதுதான். பரீட்சையில் தோற்று நிற்பதில்லை, பரீட்சைக்கு உட்காராமலே நிற்கிறார்கள். அவர்கள் எந்தப் புள்ளிவிபரத்திலும் வருவதில்லை. விண்ணப்பிக்காதவரை யார் எண்ணுவார்கள்? இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் சிலரை இந்தக் கட்டத்தில் இழந்திருக்கிறோம்.

இனிச் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் போவோம். இந்தத் துறையில் இளையவர் ஒருவர் முதலில் தனியாகச் செய்யப் பழகும் சத்திரசிகிச்சை, மூளை உறைக்குக் கீழே தேங்கிய பழைய இரத்தத்தை வெளியே எடுப்பது. வயதானவர் ஒருவர் கல்படியில் வழுக்கித் தலையில் அடிபட்டிருப்பார், வீட்டில் மறந்தும்விடுவார்கள், சில வாரம் கழித்து ஒரு கால் இழுக்கும், பேச்சு குழறும். மண்டையோட்டில் துளை போட வேண்டும். கையால் சுழற்றும் துளைக்கருவி இன்னும் பல இடங்களில் இருக்கிறது. முதலில் வெள்ளைத் தூள் வரும். எலும்பின் நடு அடுக்கை எட்டியதும் தூள் சிவக்கும். பிறகு மறுபடி வெள்ளை. கடைசியில் கருவி இலேசாக இறுகி ஆடும். அந்தக் கணத்தில் கையை நிறுத்த வேண்டும். உறையைக் கீறினால் பழைய எஞ்சின் எண்ணெய் போலக் கறுத்த திரவம் பீறிட்டு வரும். மேசையில் இருக்கும்போதே அந்த முதியவர் கையை அசைத்துக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இறுக்கத்தைக் கை உணர வேண்டும்; புத்தகம் கற்றுத்தராது. மூத்தவர் கருவியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, "இப்போது நிறுத்து" என்று சொன்னால்தான் வரும். ஒருவருக்குப் பத்து முறை கொடுக்கப்பட்டு இன்னொருவருக்கு இரண்டு முறை கொடுக்கப்பட்டால், ஓராண்டில் முதலாமவர் "கை நல்ல கை" என்று பெயர் வாங்குவார், மற்றவர் "இன்னும் தயங்குகிறார்" என்று பெயர் வாங்குவார். பிறகு கடினமான கட்டிகளுக்கு யாரை அழைப்பார்கள் என்பது தானாகவே தீர்ந்துவிடும். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரவு இரண்டு மணிக்கு, நோயாளியின் கண்மணி விரிந்துகொண்டிருக்கும்போது, மூத்தவர் தனக்குப் பழக்கமானவரைத்தான் கூப்பிடுவார். பழக்கம் எங்கே உண்டாகிறது? ஒரே பாடசாலை, ஒரே மொழி, ஒரே கிரிக்கெட், தேநீர் அறையில் ஒரே பேச்சு. நம் பிள்ளைகள் அந்தத் தேநீர் அறையில் ஓரமாக உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

பெண் என்பதைப் பற்றிக் கேட்டீர்கள். உலகம் முழுவதும் இந்தத் துறை இதில் பின்தங்கியே இருக்கிறது. அமெரிக்காவில் 2019-இலிருந்து மருத்துவ மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் அங்கே பணியில் இருக்கும் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அங்கே ஒரு பெண் முதன்முதலாக இந்தத் துறையின் சபைச் சான்றிதழ் பெற்றது 1961-இல். ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு முதல் பெண் தலைவராக மிச்சிகனில் காரின் முராஸ்கோ வந்தது 2005-இல். பிறவியிலேயே முள்ளந்தண்டுக் குறைபாடு உள்ளவர் அவர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிலைக்கு உயர்ந்த பிரான்சிஸ் கொன்லி, பெண்களை இழிவாக நடத்தும் போக்கை எதிர்த்து 1991-இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நாடே பேசிய பிறகு அதைத் திரும்பப் பெற்றார். பேராசிரியர் நிலைக்கு வந்த பின்னும் அந்த நிலை என்றால், பயிற்சியில் இருப்பவர்கள் எதை விழுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழ்ப் பெண்களுக்கு இது முற்றிலும் புதிய பாதையும் அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1968-இல் இந்தத் துறையின் உயர்பட்டம் பெற்ற டி. எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் என்று மதிக்கப்படுகிறவர். மூளையின் ஆழத்தில் ஊசிமுனை அளவு இடத்தைக் குறிவைத்துச் சிகிச்சை செய்யும் முறையில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர், 2018-இல் காலமானார். இலங்கையிலும் இன்று பெண் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆகவே "பெண்ணால் முடியாது" என்று யாராவது சொன்னால் அது பொய். பொறுமையாகக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் "பெண்ணுக்குக் கூடுதல் கடினம்" என்பது உண்மை. கருவிகளின் பிடிகள் பெரிய கைகளுக்கு அளந்து செய்யப்பட்டவை. ஆறாம் இலக்கக் கையுறை போடும் ஒருவர் எலும்பைக் கொறிக்கும் இடுக்கியை மணிக்கணக்கில் அழுத்தினால் இரவில் கட்டைவிரல் வீங்கிவிடும் என்று ஒரு பெண் ரெஜிஸ்ட்ரார் எனக்குக் காட்டினார். மேசையின் உயரம் மூத்தவருக்கு ஏற்றபடி இருக்கும். இவர் காலுக்கடியில் பலகை போட்டு நிற்பார். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் எக்ஸ்-கதிர் அடிக்கடி ஓடும். கர்ப்பமாக இருக்கும்போது அதிலிருந்து ஒதுங்க வேண்டும். ஒதுங்கிய மாதங்களில் இழந்த சத்திரசிகிச்சைகளை யாரும் திருப்பித் தருவதில்லை. மகப்பேற்று விடுப்பு சட்டப்படி உண்டு. திரும்பி வந்தபின் அதே இடம் மனங்களில் இருக்கிறதா என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். கல்யாணம் எப்போது, பிள்ளை எப்போது என்ற கேள்வியை நேர்முகத்தில் கேட்பது தவறு. தேநீர் அறையில் கேட்கிறார்கள். நம் பக்கத்திலோ உறவினர்களே கேட்பார்கள், அதுவும் பரீட்சைக்கு முந்தின வாரத்தில்.

இனி, நிச்சயமில்லாததற்கு வருகிறேன். தமிழர் என்பதற்காகவோ, மலையகத்தவர் என்பதற்காகவோ மேலே வர விடாமல் செய்கிறார்களா? சிலருக்குக் கிடைத்த கசப்பான அனுபவங்களை நேரில் கேட்டிருக்கிறேன். எனக்கும் இளமையில் ஒரு பிரிவில் "தோட்டத்துப் பையன்" என்ற பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. அதே காலத்தில், தன் சொந்தப் புத்தகங்களை எனக்குக் கொடுத்து, பரீட்சைக்கு முன் இரவுகளில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர் ஒரு சிங்கள நிபுணர். இந்த இரண்டையும் எடைபோட்டு "இருக்கிறது", "இல்லை" என்று ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஒருவர் பின்தங்கும்போது அதில் எவ்வளவு வறுமை, எவ்வளவு ஆங்கிலம், எவ்வளவு இனம், எவ்வளவு பெண் என்பது, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் பிரித்துச் சொல்ல இயலாது. சொல்லக்கூடியது ஒன்று: இவை நான்கும் சேர்ந்து வரும் ஒருவருக்குச் சுமை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. உங்கள் தங்கை அந்த நான்கையும் சுமக்கிறார்.

அதே தங்கையிடம் இருக்கும் ஒரு பலத்தையும் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவரின் நினைவு நிலையைக் கணிக்க 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவான அளவுகோலையே உலகம் முழுவதும் பயன்படுத்துகிறோம். மொத்தம் பதினைந்து புள்ளி. அதில் ஐந்து பேச்சுக்கு. நோயாளி தெளிவாகப் பதில் சொல்கிறாரா, குழம்பிச் சொல்கிறாரா என்று கேட்டுத்தான் புள்ளி போட வேண்டும். ஒரு வைத்தியசாலையில், கொழுந்து மலையில் விழுந்த ஒரு பாட்டிக்கு இரவு முழுவதும் "குழப்பம்" என்று நான்கு புள்ளி போட்டிருந்தார்கள். காலையில் துப்புரவு வேலைக்கு வந்த தமிழ்ப் பெண் பேச்சுக் கொடுத்ததும், இன்ன கிழமை, இன்ன தோட்டம், மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. இது நல்லபடி முடிந்த கதை. எதிர்ப்பக்கம் ஆபத்தானது: மூளையின் இடப்புறம் வீங்கி, பொருளில்லாத சொற்களைக் கொட்டிக்கொண்டிருந்த ஒருவரை, "தமிழில் ஏதோ பேசுகிறார்" என்று எண்ணிச் சில மணிநேரம் விட்டுவைத்திருந்தார்கள். யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. விடுதியில் தமிழ் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லை, அவ்வளவுதான். நோயாளியை விழிப்பில் வைத்துப் பேசவிட்டு, பேச்சு மையத்தைத் தவிர்த்துக் கட்டியை எடுக்கும் சத்திரசிகிச்சையில் நோயாளியின் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முடியாது. ஆகவே உங்கள் தங்கையின் தமிழ் இந்தத் துறையில் ஒரு கருவி. அதோடு நல்ல சிங்களமும் சேர்ந்தால் விடுதியில் அவரைத் தேடி வருவார்கள்.

வெளிநாட்டுப் பயிற்சி தனியாகச் சொல்ல வேண்டிய கட்டம். பெரும்பாலும் பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்ப வேண்டும். இடத்தைத் தேடுவது பயிற்சியாளரின் பொறுப்பு. அங்கே வேலை செய்யும் நம் நாட்டு நிபுணர்களின் தொடர்புகளே பெரும்பாலும் கதவைத் திறக்கும். திரும்பி வந்து சேவை செய்வதாக அரசுக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். அதற்குப் பிணையாளர் கேட்பார்கள். பிணைக்குக் கையெழுத்துப் போடும் தகுதியுள்ள உறவினர் ஒருவர்கூட இல்லாத குடும்பங்கள் நம்முடையவை. நான் சில பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். 2022-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு ஏராளமான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள்; போனவர் திரும்புவாரா என்ற சந்தேகத்தோடுதான் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இப்போது பார்க்கிறார்கள்.

எல்லாம் முடிந்தபின் வேலை இருக்குமா? நோயாளிகள் நிச்சயம் இருப்பார்கள். 2018-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, தேவையான நரம்பியல் சத்திரசிகிச்சை கிடைக்காமல் போகிறவர்கள் உலகில் ஆண்டுக்கு 50 இலட்சத்துக்கு மேல். அந்தக் குறையை நிரப்ப இன்னும் 23,300 நிபுணர்கள் வேண்டும். இலங்கையில் 1956-இல் டொக்டர் ஷெல்ட்டன் கப்ரால் கொழும்பில் இந்தத் துறையைத் தொடங்கினார். இன்று கண்டி தேசிய வைத்தியசாலை உட்படப் பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. ஆனாலும் நம் பகுதியில் மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும் ஒருவரை ஹட்டனில் ஏற்றினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வளைவுகளைக் கடந்து கண்டி போய்ச் சேர வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை வந்தது பெரிய உதவி. பாதையை அதுவும் குறுக்க முடியாது. தேவை இருக்கிறது என்பதால் நியமனப் பதவி இருக்கும் என்று பொருள் இல்லை. நுண்நோக்கி, சி.ரி. ஸ்கேன், தீவிர சிகிச்சைக் கட்டில், பயிற்சி பெற்ற தாதியர் எல்லாம் இருக்கும் இடத்தில்தான் இந்த நிபுணர் வேலை செய்ய முடியும். "படித்துவிட்டு நம்ம ஊருக்கே வா" என்று தங்கையிடம் உறுதிமொழி வாங்காதீர்கள். அவர் கண்டியில் இருந்தாலே அது நம் ஊருக்குத்தான்.

உற்சாகப்படுத்துவதற்காக உங்களுக்குச் சிலர் டொக்டர் அல்ஃபிரெடோ கின்யோனெஸ் இனோஹோசாவின் கதையை அனுப்புவார்கள். மெக்சிக்கோவிலிருந்து எல்லை தாண்டி வந்து கலிபோர்னியாத் தோட்டங்களில் தக்காளி பறித்தவர், ஹாவர்ட்டில் மருத்துவம் படித்து, உலகம் அறிந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரானார். கதை உண்மை, தங்கைக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அவர் முதலில் நுழைந்தது கட்டணம் குறைந்த ஒரு சமூகக் கல்லூரி. அங்கிருந்து பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி ஒன்று முன்பே போடப்பட்டிருந்தது. கைதூக்கிவிட ஆசிரியர்கள் இருந்தார்கள். விடாமுயற்சியை மட்டும் எடுத்துக்காட்டி, அந்த வழியைப் பேசாமல் விடுவது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. ஒருவர் ஏறிவிட்டார் என்பதற்காக ஏணி இருக்கிறது என்று ஆகாது.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பட்டம் கிடைத்த நாளிலிருந்து எத்தனை ஆண்டு வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்பதை இப்போதே, அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இது ஒன்றுதான் முழுக்க உங்கள் கையில் இருப்பது. நான் பார்த்தவரை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவதும் இதுவே. வீடு கட்டுவது மூன்று ஆண்டு தள்ளிப் போனால் பரவாயில்லை என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அவர் குற்ற உணர்ச்சியில் கிளினிக்கைத் தேடிப் போவார். முதல் ஆண்டிலேயே ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்காலம் வந்ததும், செய்த ஒவ்வொரு சத்திரசிகிச்சையையும், பார்த்தது எது, உதவியது எது, தானே செய்தது எது என்று பிரித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். "எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை" என்று சொன்னால் மனக்குறை என்பார்கள். ஆறு மாதக் குறிப்பைக் காட்டி, "ஐயா, இத்தனையில் இத்தனைதான் என் கையால்" என்றால், நேர்மையான மூத்தவர் எவரும் அடுத்த நாளே கருவியைக் கொடுப்பார். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு குருவை நம்பி இருக்கக் கூடாது. இரண்டு மூன்று பேர் வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. மலையகத்திலிருந்து போன வைத்தியர்கள் இன்று எல்லாத் துறைகளிலும் இருக்கிறோம். கூச்சப்படாமல் தேடி வந்து கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவர் ஆசைப்படுவது சத்திரசிகிச்சைக்கூடத்தை நினைத்து. மூன்றாம் ஆண்டில் விடுதிகளுக்குப் போகத் தொடங்கியதும், நரம்பியல் சத்திரசிகிச்சை விடுதியில் ஒரு வாரம் தொடர்ந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள்: மாதக்கணக்கில் கண் திறக்காமல் கிடக்கும் இளைஞன், அவனுக்கு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும் தாய், படுக்கைப் புண், "எப்போது எழும்புவான்?" என்ற கேள்வி. இந்தத் துறையில் பாதி வேலை அங்கேதான். அதைப் பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்று சொன்னால், பதினாறு ஆண்டுகள் பொறுத்திருக்கலாம் என்பது என் பதில். வேண்டாம் என்று சொன்னாலும் வருந்தாதீர்கள். நரம்பியல் மருத்துவம், மயக்க மருந்து, மறுவாழ்வு மருத்துவம் மூன்றிலும் ஆட்கள் போதாது, அவற்றிலும் நம் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள்.